‘ஒண்ணுமில்ல’ என்றொரு வியாதி

இந்தப் பக்கங்களில் சொந்த உடம்பைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. வெட்டு, தீவைப்பு, வன்கொடுமை வழக்கு, பஞ்சமி நிலம் என்று பேச எவ்வளவோ கிடக்கும்போது, ஒரு பேங்க் கிளார்க் தன் நெஞ்சு படபடத்த கதையைச் சொல்ல வந்துவிட்டான் என்று தோழர்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் இரண்டு வருஷம் எழுதாமல் இருந்தேன். நெஞ்சு படபடப்பு என்பது அவனவன் வீட்டுச் சமாச்சாரம், இயக்கத்தின் சமாச்சாரமல்ல என்கிற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அந்த எண்ணம் தப்பு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் சித்தப்பா மகள் ஒருத்தியின் உயிர் அந்த எண்ணத்தால் கிட்டத்தட்டப் போயிருக்கும்.

எனக்கு முப்பத்தொன்று. அவளுக்கு இருபத்திரண்டு. ஒரே வருஷத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தொந்தரவு. நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும், கை கால் வெலவெலத்துப் போகும். இரண்டு பேரும் வைத்தியம் பார்க்கப் போனோம். இரண்டு பேருக்கும் முதலில் கிடைத்தது ஒரே வார்த்தை: ‘ஒண்ணுமில்ல.’ ஒருவருக்கு உண்மையிலேயே இதயத்தில் நோய் இல்லை. இன்னொருவருக்கு இதய வால்வு சுருங்கிப் போய்க் கிடந்தது. அந்த வார்த்தை இரண்டு பேருக்குமே பொய்யாக இருந்தது.

*

முதலில் என் கதை. ஒரு திங்கட்கிழமை. கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். பென்ஷன் வாங்கும் கூட்டம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், ஊருக்குள் நிலபுலம் உள்ளவர், வரிசையில் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நாலு பேர் கேட்க, ‘இன்னாடா, நீ அந்தத் தப்படிக்கிறவன் மவன்தான?’ என்று விசாரித்தார். கோபமாகக் கேட்கவில்லை. பிரியமாகத்தான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தேன். இருபது நிமிஷம் கழித்து நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி தொடங்கியது. இடது பக்கம் சுருக் சுருக்கென்று குத்தல். விரல் நுனியெல்லாம் மதமதப்பு. தொண்டை அடைத்துக்கொண்டது. செத்துவிடப் போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. டிராயரைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துச் சீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன். கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

அந்த ஊர்க்காரரையும் நெஞ்சு அடித்ததையும் அன்றைக்கு நான் சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது.

அப்புறம் அது அடிக்கடி வந்தது. பஸ்ஸில் வந்தது, ராத்திரி தூக்கத்தில் எழுப்பியது. தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக்கூடச் சுற்றவில்லை. ‘குடிப்பியா?’ என்றார். இல்லை என்றேன். நம்பாத மாதிரி ஒரு பார்வை. ‘கேஸ் டிரபிள்தான், ஒண்ணுமில்ல’ என்று மாத்திரை எழுதினார். அரசு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சரியாக இருக்கிறது என்றார்கள். எடுத்தபோது நெஞ்சு அமைதியாகத்தான் இருந்தது. ஈ.சி.ஜி. என்பது அந்தச் சில விநாடிகளின் பதிவு. தொந்தரவு வராத நேரத்தில் எடுத்தால் விட்டுவிட்டு வரும் கோளாறு அதில் விழாமலே போகலாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தாளை மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பிறகு நகரத்துப் பெரிய தனியார் ஆஸ்பத்திரி. வங்கி ஊழியர்களுக்கு 2015 முதல் குழு மருத்துவக் காப்பீடு உண்டு. அதைச் சொன்னதுமே ‘அட்மிட் ஆயிடுங்க சார்’ என்றார்கள். முதல் தடவையாக ‘சார்’. எக்கோ எடுத்தார்கள், ஓடும் பட்டையில் ஏற்றி ஓடவிட்டார்கள், எல்லாம் நன்றாக இருந்தது. அப்படியும் ‘எதுக்கும் ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துடலாம்’ என்றார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். காப்பீடு இல்லாதவனுக்கு ‘ஒண்ணுமில்ல’. காப்பீடு இருக்கிறவனுக்கு ‘எதுக்கும்’. இந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில்தான் நம் நெஞ்சுவலி அலைந்துகொண்டிருக்கிறது.

*

இதற்கெல்லாம் முன்னால் நான் நாலு மாசம் டாக்டரிடமே போகவில்லை. அதற்கு நம் தோழர்களும் ஒரு காரணம், என் கவிதையும் ஒரு காரணம்.

வந்த புதிதில் ஒரு கூட்டத்தில் சொன்னேன். ‘தோழர், அது உங்க நெஞ்சு இல்ல, ரெண்டாயிரம் வருஷத்துப் பாரம்’ என்றார் ஒருவர். ‘கவிஞன்னா படபடக்கத்தான் செய்யும்’ என்று இன்னொருவர். எனக்கு அது பிடித்துப்போயிற்று. நெஞ்சு அடித்துக்கொள்வதைப் பறையின் அடியாக வைத்து ஒரு கவிதை எழுதினேன். கை தட்டினார்கள். கை தட்டு வாங்கிக் கொடுத்த வியாதியைக் குணப்படுத்த யாருக்கு மனசு வரும்?

இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஒடுக்குமுறை உடம்பில் தங்குகிறது என்பது உண்மை. ஆனால் தங்கியிருப்பது ஒடுக்குமுறையா, வால்வுக் கோளாறா, ரத்தசோகையா, தைராய்டா என்று பார்க்காமலே ‘பாரம்’ என்று பெயர் வைப்பதும், ‘கேஸ்’ என்று பெயர் வைப்பதும் ஒன்றுதான். இரண்டுமே உடம்பைத் தொட்டுப் பார்க்காத வைத்தியம். அம்மா அம்மன் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள். அவளாவது என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டினாள்.

*

இப்போது தங்கச்சியின் கதை. செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகு வீடு. இரண்டாவது மாடிக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் ‘நடிக்கிறா’ என்றான். வீட்டில் ‘வயசுப் பொண்ணு, காத்து சேட்டையா இருக்கும்’ என்று வேப்பிலை அடித்தார்கள். ஒரு பொங்கலுக்குப் போனபோது என்னிடம் சொன்னாள்: ‘அண்ணே, படுத்தா மூச்சு முட்டுது, ரெண்டு தலாணி வச்சாதான் தூக்கம் வருது.’ நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘ஒண்ணுமில்ல, ரத்தம் கம்மியா இருக்கும், பேரிச்சம்பழம் சாப்பிடு.’

டாக்டர்கள்மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கிறவன் இதையும் வாசித்தாக வேண்டும். அந்த வார்த்தை என் வாயிலிருந்தும் வந்தது. பொம்பளைப் பிள்ளை சொல்கிற வலி நம் வீட்டிலேயே பாதி விலைக்குத்தான் போகிறது. படுத்தால் மூச்சு முட்டுவது, தலையணை உயர்த்தினால்தான் தூங்க முடிவது என்பது இதயம் தளர்வதற்கான முக்கிய அறிகுறிகளில் ஒன்று. பட்டப்படிப்பு படித்த அண்ணனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சித்தி அவளைச் சுகாதார நிலையத்துக்கும், பிறகு ஒரு தனியார் டாக்டரிடமும் கூட்டிப் போயிருக்கிறாள். இரண்டு இடத்திலும் இரும்புச் சத்து மாத்திரை. தனியார் டாக்டர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கியதாம். ‘காதுல மாட்டிக்கினாரு அண்ணே, சுடிதார் மேலயே முதுகுல ஒருவாட்டி வச்சாரு, அவ்ளோதான்’ என்றாள். ‘எந்தத் தெரு?’ என்று மட்டும் கேட்டாராம்.

அவர் சாதி பார்த்துத்தான் சரியாகத் தொடவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. வெளியே கூட்டம் நின்றிருக்கலாம். வயசுப் பெண் என்று தயங்கியிருக்கலாம். தொடாதவனுக்கு இன்றைக்கு ஆயிரம் காரணம் கையில் இருக்கிறது. நிரூபிக்க முடியாதபடி இருப்பதுதான் இன்றைய தீண்டாமைக்குக் கிடைத்திருக்கிற வசதி. ஆனால் விளைவு என்ன என்பதை நிரூபிக்க முடியும். பிறகு ஒரு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கண்டுபிடித்தது மைட்ரல் வால்வுச் சுருக்கம். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வு அது. அது சுருங்கினால் ரத்தம் கீழே இறங்காமல் பின்னால் நுரையீரலில் தேங்கும். அதனால்தான் மூச்சு முட்டல். அந்த நோயின் சத்தம் மெலிசாக, தூரத்து உருமலாகக் கேட்கும். நோயாளியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, துணியை விலக்கி, குழாயின் மணி போன்ற முகத்தை இதயத்தின் நுனியில் லேசாக வைத்து, பொறுமையாகக் கேட்டால்தான் காதில் விழும். துணிமேல் முதுகில் ஒருமுறை வைத்துப் பார்க்கிறவருக்கு ஜென்மத்துக்கும் கேட்காது.

தொடாமை என்பது நமக்கு மனசு சம்பந்தப்பட்ட அவமானம் மட்டுமல்ல தோழர்களே. அது ஒரு மருத்துவப் பிழை.

*

இந்த இடத்தில் அம்பேத்கர் எடுத்துச் சொன்ன ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வருகிறது. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்கிற அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகளில் இருக்கிறது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் எழுதிய கடிதம் அது. 1929 டிசம்பர் 12ஆம் தேதி காந்தியின் ‘யங் இந்தியா’வில் வந்தது. அந்த ஆசிரியரின் மனைவிக்குப் பிரசவமாகி இரண்டு நாளில் உடம்பு மோசமாகிறது. மூச்சுவிட முடியவில்லை, விலாவில் கடும் வலி. சேரிக்குள் வர மாட்டேன், நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்கிறார் டாக்டர். பிரமுகர்கள் சிபாரிசு செய்து, இரண்டு ரூபாய் பீஸுக்குப் பிணையும் நின்ற பிறகுதான் அந்த அளவுக்காவது இறங்கி வருகிறார். பச்சை உடம்புக்காரியை வெளியே தூக்கி வருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவனிடம் கொடுக்கிறார். கணவன் மனைவிக்கு வைத்துப் பார்த்துவிட்டு அதே வழியில் திருப்பித் தருகிறார். விளக்கு வெளிச்சத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். பிறகு கூப்பிட்டும் வரவில்லை. அந்தப் பெண் செத்துப் போனாள்.

நெஞ்சு நோய். நெஞ்சில் கை வைக்காமலே நோய்க்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அந்த டாக்டருக்கும் நம் தெருமுனை டாக்டருக்கும் நடுவே சட்டம் வந்தது, பதினேழாவது பிரிவு வந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. தெர்மாமீட்டரை இப்போது யாரும் கை மாற்றித் தருவதில்லை. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்கிற தூரம் பல இடங்களில் அப்படியே இருக்கிறது.

ஸ்டெதாஸ்கோப்பின் கதையும் வேடிக்கையானது. 1816இல் பாரீஸில் லென்னெக் என்கிற டாக்டர், நெஞ்சு நோயோடு வந்த ஒரு இளம்பெண்ணின் மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். நேராகக் காது வைத்ததைவிட நன்றாகவே கேட்டது. அதிலிருந்துதான் கருவி பிறந்தது. அதாவது, நேராகத் தொடக் கூச்சம் இருந்தாலும் நோயாளியின் இதயத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்று நினைத்த ஒருவன் கண்டுபிடித்த கருவி அது. நம்மிடம் வந்தபோது அது கழுத்தில் தொங்கும் பதவியாகிவிட்டது.

*

தங்கச்சிக்கு இந்த நோய் எங்கிருந்து வந்தது? ஒன்பது வயசில் அவளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது. சில வாரம் கழித்து முட்டி வீங்கியது. அது சரியானதும் கணுக்கால் வீங்கியது. ‘வாதம்’ என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். ஒரு மாசம் பள்ளிக்கூடம் போகவில்லை. தானாகச் சரியாயிற்று. அதை எல்லாரும் மறந்துவிட்டோம், அவள் இதயம் மட்டும் மறக்கவில்லை. அதற்குப் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற கிருமி தொண்டையில் வரும். அதை எதிர்த்து உடம்பு செய்யும் சண்டை சில குழந்தைகளுக்குத் தடம் மாறி மூட்டையும் இதயத்தையும் தாக்கும். பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினைந்து வயசுக்குள் வரும். மூட்டு வீக்கம் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. வருஷக் கணக்கில் இறுகிக்கொண்டே வரும்.

இந்தக் கிருமிக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் நெருக்கடி தெரியும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் தொகுப்பு வீட்டில் ஒருவர் இருமினால் ஆறு பேர் தொண்டைக்கும் போகும். பணக்கார நாடுகளில் வீடும் வைத்தியமும் சீரானதும், பெனிசிலின் கைக்கு வந்ததும், இந்த நோய் பெருமளவு ஒழிந்துபோயிற்று. அந்த நாடுகளிலும் ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளிடமும் நியூசிலாந்தின் மாவோரிகளிடமும் அது இன்னும் தங்கியிருக்கிறது. எங்கே தங்கியிருக்கிறது என்று பார்த்தாலே அது யாருடைய நோய் என்று தெரியும். 2018இல் உலக சுகாதார மாமன்றம் இதற்கென்றே ஒரு தீர்மானம் போட்டது. அன்றைக்குத் தொண்டை வலிக்கு ஒழுங்காக மருந்து கொடுத்திருந்தால், அல்லது முட்டி வீங்கியபோதே கண்டுபிடித்து மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி போட்டு வந்திருந்தால், அவள் வால்வு இந்த அளவுக்கு வந்திருக்காது. விலை மலிவான பழைய மருந்து அது. மலிவாக இருப்பதாலோ என்னவோ, வேண்டுகிற நேரத்தில் பல இடங்களில் கிடைப்பதில்லை.

இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். தொடை வழியாகக் குழாய் விட்டு, வால்வுக்குள் பலூனை ஊதி விரித்துவிட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கையிலிருந்து பணம் போகாமல் நடந்தது. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி 2012 முதல் இப்போதைய பெயரில் நடக்கும் திட்டம் அது. இதையும் சொல்லத்தான் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியைத் திட்டிவிட்டுத் தனியார் வாசலில் போய் நிற்கும் நம் மத்தியதர வர்க்கப் புத்திக்கு இது நல்ல பதில். அவளைக் காப்பாற்றியது அரசு ஆஸ்பத்திரிதான்.

சித்திக்கு வேறு கவலை. ‘தழும்புகூட இல்ல, மாப்ள வூட்டுக்குச் சொல்ல வேணாம்’ என்றாள். தங்கச்சி சொன்னாள்: ‘மூணு வாரத்துக்கு ஒருவாட்டி ஊசி போடப் போவணுமே, என்னான்னு சொல்லிட்டுப் போவேன்? சொல்லிட்டே கட்டிக் குடு.’ இந்த வால்வுச் சுருக்கத்தோடு தெரியாமல் கர்ப்பமானால் ரத்தத்தின் அளவு கூடிக்கூடி இதயம் தாங்காது. பல பெண்களுக்குப் பிரசவ வார்டில்தான் இந்த நோயே தெரியவருகிறது. சிலருக்கு அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. எனவே அவள் பேசியது கல்யாணப் பேச்சு மட்டுமல்ல, உயிர்ப் பேச்சு.

*

அவளைப் பார்த்த டாக்டரம்மாவிடம்தான் நானும் போய் உட்கார்ந்தேன். அவர் முழுசாக ஒரு நிமிஷம் என் நாடியைப் பிடித்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரியும் ஹோல்டர் கருவி வைத்தார். எல்லாம் சரி. பிறகு யாரும் கேட்காத ஒரு கேள்வி கேட்டார்: ‘அது வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு?’

ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். ஆறு வாரத்தில் பதினோரு தடவை. நாலு தடவை அந்தத் திங்கட்கிழமை மாதிரி ஏதோ ஒன்று நடந்த பிறகு: கோட்டா என்று ஒரு பேச்சு, பேரைச் சொல்லாமல் ஒரு விளி, மேலதிகாரியின் ஒரு சிரிப்பு. மூன்று தடவை தூக்கமில்லாத நாளில், நாலாவது ஐந்தாவது டீக்குப் பிறகு. இரண்டு தடவை நடுராத்திரியில். மீதி இரண்டு எதற்கென்றே தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னார்: ‘இதயத்துல நோய் இல்ல. ஆனா உங்களுக்கு நோய் இல்லன்னு நான் சொல்லல.’ திடீர்ப் பீதித் தாக்குதல் என்று அதற்குப் பெயர். பயத்தில் மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல் மதமதக்கும், தலை கிறுகிறுக்கும். பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு மெல்ல இறங்கும். மாத்திரையும் உண்டு, பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு, பெரும்பாலோருக்குக் கட்டுப்படும். எனக்கு இப்போது மாசத்துக்கு ஒன்று வருகிறது. அவர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது, அதுவும் நம் நோயில் ஒரு பகுதிதான்.

1871இல் அமெரிக்காவில் டா கோஸ்டா என்கிற டாக்டர், உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட நூற்றுக்கணக்கான சிப்பாய்களிடம் இதே படபடப்பையும் நெஞ்சுக் குத்தலையும் கண்டு எழுதினார். இதயத்தில் பழுது எதுவும் தெரியவில்லை. அதற்குப் ‘போர்வீரன் இதயம்’ என்று பெயர் நின்றுவிட்டது. முதல் உலகப் போரில் இப்படிப்பட்ட சிப்பாய்களுக்காகவே இங்கிலாந்தில் ஹாம்ஸ்டெட்டில் ஒரு இராணுவ இதய ஆஸ்பத்திரியே வைத்துத் தாமஸ் லூயிஸ் ஆராய்ந்தார். விளங்காத நெஞ்சுவலி சிப்பாய்க்கு வந்தால் அதற்குப் பெயரும் ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சியும் கிடைத்தன. சேரிப் பையனுக்கு வந்தால் ‘குடிப்பியா?’ கிடைக்கிறது. விளங்காதது என்பது நோயின் குணம் மட்டுமல்ல. யாரை விளங்கிக்கொள்ள நேரம் ஒதுக்குகிறோம் என்பதையும் பொறுத்தது.

*

அதனால் என்ன செய்வது? மாணவர்கள் அதிகம் படிக்கும் இதழ் என்பதால் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

படி ஏறினாலோ ஓடினாலோ நெஞ்சு வலிப்பது, மயங்கி விழுவது, படுத்தால் மூச்சு முட்டுவது, குடும்பத்தில் இளவயசில் யாராவது திடீரென்று செத்திருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ‘கேஸ்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எக்கோ எடுக்கும் இடத்துக்குப் போங்கள். வலி நெஞ்சை அழுத்தி, கைக்கோ தாடைக்கோ பரவி, வேர்த்துக் கொட்டினால் யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். இளவயசு என்று தள்ளிப் போடாதீர்கள். படபடப்பு வரும்போதே நாடியை எண்ணிப் பாருங்கள். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு அறுபதிலிருந்து நூறு வரை இயல்பு. எத்தனை அடித்தது, சீராக அடித்ததா, தாவித் தாவி அடித்ததா, எத்தனை நிமிஷம், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதுங்கள். முடிந்தால் அது நடக்கும் நேரத்திலேயே ஈ.சி.ஜி. எடுங்கள். ஈ.சி.ஜி. தாளைக் கையோடு வாங்கி வையுங்கள், மை மங்கிவிடும், போட்டோ பிடித்து வையுங்கள். டாக்டர் ‘ஒண்ணுமில்ல’ என்றால் மரியாதையாக இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘எதெது இல்லன்னு பார்த்துட்டீங்க சார்? என்ன ஆனா திரும்பி வரணும்?’ தனியாகப் போகாதீர்கள், கேட்கத் தைரியம் உள்ள ஒருவரைக் கூட்டிப் போங்கள். மனசு சம்பந்தப்பட்டது என்று தெரிந்தால் அதை அவமானமாக நினைக்காதீர்கள். 14416க்கு இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

இயக்கத்துக்கும் சொல்ல இருக்கிறது. ஒரு வழக்கு என்றால் காவல் நிலையத்துக்குக் கூட்டமாகப் போகிறோம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் நம் பிள்ளைகள் தனியாகப் போகிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக இரண்டு தோழர்கள் இருந்தால் போதும், அதுவும் இயக்க வேலைதான். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. நல்லது. நம் பள்ளிப் பிள்ளைகளின் தொண்டையையும் முட்டியையும் நெஞ்சையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும், சுகாதார நிலையத்தில் பெனிசிலின் ஊசி தீராமல் இருக்க வேண்டும் என்று நாம் மனுக் கொடுத்திருக்கிறோமா? நம் கோரிக்கைப் பட்டியல்களைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்காருகிறார்கள் என்பதும் இதில் சேர்ந்ததுதான். 2017இல் அரியலூர் அனிதா கேட்டது அந்த நாற்காலியைத்தான். நம் பிள்ளைகள் டாக்டராவதற்கான சண்டையும், நம் பிள்ளைகளை டாக்டர் தொட்டுப் பார்ப்பதற்கான சண்டையும் ஒரே சண்டை.

அம்பேத்கரும் ரமாபாயும் பெற்ற ஐந்து பிள்ளைகளில் நாலு பேர் சின்ன வயசிலேயே செத்துப் போனார்கள். ரமாபாய் நெடுநாள் நோயில் கிடந்து 1935இல் இறந்தார். அவரே சர்க்கரை நோயோடும் நரம்பு வலியோடும்தான் அரசியல் சட்டத்தை எழுதினார். நம் இயக்கத்தின் வரலாற்றில் நோயும் ஒரு பாத்திரம். அதைத் தியாகம் என்று மட்டும் பேசி மாலை போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

போன வாரம் தங்கச்சி போன் பண்ணினாள். அவளோடு வேலை செய்கிற ஒரு பெண்ணுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். ‘நீ என்ன சொன்ன?’ என்று கேட்டேன். ‘சின்ன வயசுல முட்டி வீங்குச்சான்னு கேட்டேன் அண்ணே. வியாழக்கிழமை லீவு போட்டு நானே கூட்டிகினு போறேன்’ என்றாள்.